எக்ஸ்டென்ஷன் பெண்டிங்கில் இருக்கும்போது அம்மா அப்பா ஊருக்குப் போகலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் எனக்கு மகள் பிறந்தபோது அம்மா பி-2 என்ற பார்வையாளர் விசாவில் வந்திருந்தார். தங்கும் காலத்தை நீட்டிக்க மனு போட்டுப் பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் ஊரில் தாய்மாமா படுத்த படுக்கையானார். "நான் இப்பக் கிளம்பினா கேஸ் என்ன ஆகும், மறுபடி பேத்தியைப் பாக்க விடுவாங்களா?" என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஐந்து நாள் அங்கே இங்கே விசாரித்து, வக்கீலிடம் பேசி, அப்புறம்தான் டிக்கெட் போட்டோம். அம்மா திருச்சியில் இறங்கியபோது மாமாவை எடுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அன்றைக்கு எங்களுக்குத் தேவைப்பட்ட பதில் ஒரே வரிதான். அது தெரியாமல் இன்னொரு வீடு ஐந்து நாளைத் தொலைக்கக் கூடாது என்பதற்காகவே, கோயிலிலும் பள்ளி வாசலிலும் போனிலும் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. பழைய விசா மறுப்பு, போலீஸ் வழக்கு, முன்பு அதிக நாள் தங்கியது போன்ற சிக்கல் இருப்பவர்கள் குடியேற்ற வக்கீலைப் பார்த்துவிடுங்கள். இங்கே உள்ளவை எல்லாம் அமெரிக்காவுக்கு மட்டும் பொருந்தும்.

விசாதான் பத்து வருஷத்துக்கு இருக்கே, அப்புறம் எதுக்குங்க எக்ஸ்டென்ஷன்?

விசா என்பது வாசல் வரை வந்து கதவைத் தட்ட உங்களுக்குக் கிடைத்த அனுமதி. சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டில் ஒட்டிக் கொடுப்பது அதைத்தான். உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை விமான நிலையத்தில் சிபிபி எனப்படும் எல்லைப் பாதுகாப்புத் துறையின் அதிகாரி முடிவு செய்கிறார். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். பி-2வில் வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் தருவார்கள். இப்போது இது காகிதமாகக் கையில் வருவதில்லை. சிபிபி இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆறு மாதம்தானே என்று மனக்கணக்குப் போட்டுவிடாதீர்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் முடிகிறது என்றால் அந்தத் தேதியோடு ஐ-94ஐ நிறுத்திவிடுவதும் உண்டு. அம்மா அப்பா வந்து இறங்கிய வாரமே பதிவை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன் எப்பப் போடணும்? எவ்வளவு செலவாகும்? எத்தனை நாள்ல பதில் வரும்?

படிவத்தின் பெயர் ஐ-539. ஐ-94 தேதி முடிவதற்குள் அது யுஎஸ்சிஐஎஸ் எனப்படும் குடியேற்றத் துறையின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 45 நாளுக்கு முன்பே போடச் சொல்லி அவர்களே பரிந்துரைக்கிறார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் கட்டணம் இணையத்தில் போட்டால் 420 டாலர், காகிதத்தில் அனுப்பினால் 470 டாலர். ஒரு மனுவில் அதிகபட்சம் ஆறு மாதம் கேட்கலாம். ஏன் இருக்க வேண்டும், செலவை யார் பார்க்கிறார்கள், ஊருக்குத் திரும்புவார்கள் என்பதற்கு என்ன ஆதாரம், இந்த மூன்றுக்கும் காகிதம் இருக்க வேண்டும்.

பதில் வரப் பல மாதம் ஆகும். கேட்ட ஆறு மாதமும் ஓடி முடிந்த பிறகு பதில் வருவதும் சகஜம். கூடுதல் பணம் கட்டிச் சீக்கிரம் முடிவு வாங்கும் பிரீமியம் வசதி, மாணவர்களுக்கும் பரிமாற்றத் திட்டத்தில் வருகிறவர்களுக்குமான எஃப், எம், ஜே வகைக்கு மாறுகிறவர்களுக்குத்தான் உண்டு. பி-2 நீட்டிப்புக்குக் கிடையாது. பயணத்தைப் பற்றிய குழப்பம் எல்லாம் இந்தத் தாமதத்தில்தான் பிறக்கிறது.

ஐ-94 தேதி தாண்டிடுச்சு, பதில் வரல. அப்பா இப்ப இங்க இருக்கறது சட்டப்படி சரிதானா?

மனு தேதிக்குள் போய்ச் சேர்ந்திருந்து, உண்மையான காரணத்தோடு இருந்து, அவர் இங்கே எந்த வேலையும் செய்யாமல் இருந்தால், முடிவு வரும்வரை அவர் இருக்கும் நாட்கள் சட்டவிரோதத் தங்கலாகக் கணக்கில் ஏறாது. இந்தக் கணக்குதான் பின்னால் தடை போடும் கணக்கு. 180 நாளுக்கு மேல் ஏறிவிட்டு வெளியே போனால் மூன்று ஆண்டுத் தடை, ஒரு வருஷம் ஏறினால் பத்து ஆண்டுத் தடை. மனு நிலுவையில் இருக்கும் வரை இந்தக் கடிகாரம் நின்றிருக்கும்.

ஆனால் கடிகாரம் நிற்பதும் ஸ்டேட்டஸ், அதாவது முறைப்படி தங்கும் தகுதி, இருப்பதும் ஒன்றல்ல. ஐ-94 தேதியோடு அப்பாவின் பி-2 ஸ்டேட்டஸ் முடிந்துவிட்டது. முடிவு வரும்வரை பொறுத்துக்கொள்ளப்படுகிறார், அவ்வளவுதான். மனு அப்ரூவ் ஆனால் இடைப்பட்ட நாட்களும் சேர்ந்து சரியாகிவிடும். டினை ஆனால் என்ன என்பதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பதில் வர்றதுக்கு முன்னாடியே ஊருக்குக் கிளம்பலாமா? ஏர்போர்ட்ல பிடிச்சு வெச்சுக்க மாட்டாங்களே?

கிளம்பலாம். நாங்கள் ஐந்து நாள் தேடிய அந்த ஒரு வரி இதுதான்: அமெரிக்காவை விட்டுப் போவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், திரும்பி உள்ளே வருவதற்குத்தான் அனுமதி வேண்டும். மனு போட்டுவிட்டதால் அம்மா இங்கே கட்டிப்போடப்படவில்லை. அது தங்குவதற்குக் கேட்ட மனு. தங்க வேண்டிய தேவை முடிந்துவிட்டால், அல்லது அதைவிடப் பெரிய தேவை ஊரில் வந்துவிட்டால், போய்விடலாம்.

நம் ஊர் விமான நிலையத்தில் போல இங்கே வெளியேறும்போது குடியேற்றக் கவுன்ட்டரும் இல்லை, முத்திரையும் இல்லை. விமான நிறுவனம் அனுப்பும் பயணிகள் பட்டியலை வைத்து அவர் போய்விட்டார் என்று பதிவாகிறது. செக்-இன் கவுன்ட்டரில் பார்ப்பது இந்தியாவுக்குள் நுழைய ஆவணம் இருக்கிறதா என்பதைத்தான். இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் போதும்.

கிளம்புவது ஐ-94 தேதிக்குள் என்றால் கவலைப்பட ஒன்றுமே இல்லை. தேதி தாண்டிய பிறகு என்றால், தேதிக்குள் மனு போட்டதற்கான அத்தாட்சி ஆயுளுக்கும் கையில் இருக்க வேண்டும். யுஎஸ்சிஐஎஸ் அனுப்பிய ஐ-797சி ரசீது, அதிலுள்ள மூன்று எழுத்தும் பத்து இலக்கமும் கொண்ட ரசீது எண், பழைய ஐ-94 நகல், போர்டிங் பாஸ், இந்தியாவில் இறங்கியபோது பாஸ்போர்ட்டில் விழுந்த முத்திரை, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பிள்ளைகளிடம் ஒரு பிரதி, ஊரில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். போர்டிங் பாஸை விமானத்து இருக்கைப் பையிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள் நிறைய. அம்மாவின் கைப்பையில் ஒரு கவர் போட்டு, "இதுல வை, எறிஞ்சிடாதே" என்று சொல்லி அனுப்புங்கள்.

கிளம்பறதுக்கு முன்னாடி யுஎஸ்சிஐஎஸ்ஸுக்குச் சொல்லணுமா? கட்டின பணம் திரும்ப வருமா?

சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சொல்வது நல்லது. ரசீது எண், பெயர், பிறந்த தேதி, புறப்பட்ட தேதி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, "மனுவைத் திரும்பப் பெறுகிறேன்" என்று ஒரு பக்கக் கடிதம், மனு போட்டவரின் கையெழுத்தோடு. போர்டிங் பாஸ் நகலையும் சேர்த்து அனுப்பிவிடலாம். கையெழுத்தை அம்மா விமானம் ஏறும் முன்பே வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் ஊரிலிருந்து கூரியரில் வரவழைக்க வேண்டியிருக்கும்.

பணம் திரும்பாது. ஆள் ஊருக்குப் போன பிறகும் இங்கே கேஸ் ஓடிக்கொண்டிருந்தால், பின்னால் வரும் முடிவு எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டியதாகிவிடும். அதற்காகத்தான் திரும்பப் பெறச் சொல்கிறேன்.

சொந்தக்காரர் ஒருத்தர் "அட்வான்ஸ் பரோல் வாங்கிட்டுப் போங்க, வந்து கேஸைத் தொடரலாம்"ங்கறார். அது எப்படி வாங்கறது?

வாங்க முடியாது. அட்வான்ஸ் பரோல் என்பது வெளியே போய்த் திரும்பி வர முன்கூட்டியே வாங்கும் அனுமதி. கிரீன் கார்டுக்கு உள்ளிருந்தே ஐ-485 என்ற படிவத்தைப் போட்டவர்கள் போன்ற சிலருக்கானது. அவர்கள் அது இல்லாமல் வெளியே போனால் கிரீன் கார்டு மனு கைவிடப்பட்டதாகிவிடும். அந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லா மனுவுக்கும் அதையே பொருத்திச் சொல்கிறார்கள். ஐ-539க்குப் பயண அனுமதி என்று எதுவுமே கிடையாது. அந்த ரசீதைக் காட்டி உள்ளே வரவும் முடியாது. திரும்பி வருவதென்றால் செல்லுபடியாகும் விசாவோடு, புது ஆளாகத்தான் வர வேண்டும்.

உங்கள் பெற்றோருக்கு நீங்கள் குடிமகனாக இருந்து ஐ-485 போட்டிருக்கிறீர்கள் என்றால், இந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு டிக்கெட் போடாதீர்கள். உங்கள் விதி வேறு.

நயாகரா போறோம். கனடா பக்கம் ஒரு எட்டு போயிட்டு வந்தா புதுசா ஆறு மாசம் கிடைக்கும்கறாங்களே?

நான் அதிகம் பயப்படுவது இந்தக் கேள்விக்குத்தான். எங்கள் ஊரிலிருந்து கோடையில் நயாகரா போகாத குடும்பம் இல்லை. ரெயின்போ பாலத்தைத் தாண்டினால் கனடா, நடந்தே போய்விடலாம்.

முதலில், இந்தியப் பாஸ்போர்ட்டில் இருப்பவர்களுக்குக் கனடா விசா தனியாக வேண்டும். அது இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஐ-94 தேதி முடியாமல் இருந்து, 30 நாளுக்குள் திரும்பினால், அதிகாரி பழைய ஐ-94இல் மிச்சமிருக்கும் நாட்களுக்கே உள்ளே விடலாம். புதிதாக ஆறு மாதம் கொடுத்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. காலத்தை நீட்டிக்கத்தான் எல்லையைத் தொட்டுவிட்டு வருகிறார்கள் என்று அவருக்குத் தோன்றினால் நிலைமை கெடும்.

ஐ-94 முடிந்து மனு மட்டும் நிலுவையில் இருக்கும்போது பாலத்தைத் தாண்டுவது அதைவிடப் பெரிய ஆபத்து. விசா முடிந்திருந்தாலும் கனடா, மெக்சிகோவிலிருந்து 30 நாளுக்குள் திரும்பலாம் என்று ஒரு சலுகை உண்டு, உண்மைதான். ஆனால் அதற்கு ஐ-94 உயிரோடு இருக்க வேண்டும். உங்களுக்கு அது இல்லை. விசா இருந்தாலும் அதிகாரி முன்னால் நிற்பது ஏழெட்டு மாதம் இருந்துவிட்டு ஒரு மணி நேரம் வெளியே போய்வந்த ஆள். அவர் "முடியாது" என்றால், மாத்திரை முதல் மாற்றுத்துணி வரை நியூ ஜெர்சி எடிசனில் வீட்டில் இருக்க, எழுபது வயதுப் பெரியவர் கனடாவில் நிற்பார். அமெரிக்கப் பக்கத்திலேயே அருவி அழகாகத் தெரிகிறது, படகும் இருக்கிறது. பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

மெக்சிகோவுக்கும் இதேதான். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் இந்தியர்களை மெக்சிகோ தனி விசா இல்லாமல் உள்ளே விடும். போவது சுலபமாக இருப்பதால் திரும்புவதும் சுலபம் என்று எண்ணிவிடக் கூடாது.

அப்ப ஹவாய்? குரூஸ்?

ஹவாய், போர்ட்டோ ரிக்கோ இரண்டும் அமெரிக்காதான், போய்வரலாம். உள்நாட்டு விமானத்துக்குப் பாஸ்போர்ட்டே அடையாளச் சான்று. கூடவே ரசீது நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

குரூஸ் வேறு. மயாமியிலிருந்து பஹாமாஸ் போனால் வெளிநாடு போனதாகத்தான் கணக்கு. சியாட்டிலிலிருந்து அலாஸ்கா போகும் கப்பல்கூடப் பெரும்பாலும் கனடாவின் விக்டோரியா துறையைத் தொட்டுத்தான் வரும். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல்கள் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறையைத் தொடாமல் அமெரிக்கத் துறைகளுக்கிடையே பயணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்று 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. "அலாஸ்காவும் அமெரிக்காதானே" என்று டிக்கெட் எடுத்துவிட்டுப் பிறகு கேட்கிறார்கள். எடுப்பதற்கு முன்னால் கப்பல் எங்கெங்கே நிற்கும் என்று பாருங்கள்.

ஊருக்குப் போயிட்டு எத்தனை மாசம் கழிச்சுத் திரும்பி வரலாம்? ஆறு மாசம் இங்கே, ஆறு மாசம் அங்கேன்னு ரூல் இருக்காமே?

அப்படி எழுதப்பட்ட விதி இல்லை. மறுநாளே வந்தாலும் சட்டம் தடுக்காது. ஒரு வருஷம் கழித்து வந்தாலும் உள்ளே விட்டே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஒவ்வொரு முறையும் அதிகாரி மனதில் இருப்பது ஒரே கேள்வி: இவர் பார்க்க வருகிறாரா, குடியிருக்க வருகிறாரா? ஒன்பது மாதம் இங்கே இருந்துவிட்டு, இரண்டு மாதம் ஊரில் இருந்துவிட்டு மறுபடி வந்து நின்றால், அவருக்குச் சந்தேகம் வராமல் இருக்காது.

நான் சொல்லும் யோசனை, இங்கே இருந்த அளவு நாளாவது ஊரில் இருந்துவிட்டு வாருங்கள் என்பது. சாவு, அறுவை சிகிச்சை, காணி விவகாரம் என்று ஊருக்குப் போன காரணம் எதுவோ, அதற்கான காகிதம் கையில் இருக்கட்டும். திரும்பும் டிக்கெட், பென்ஷன் புத்தகம், வீட்டு வரி ரசீது இவையெல்லாம் ஊரில் வேர் இருக்கிறது என்று காட்டும். போன முறை எக்ஸ்டென்ஷன் போட்டதை மறைக்கச் சொல்லி அம்மாவுக்குப் பாடம் எடுக்காதீர்கள். அது அதிகாரியின் திரையில் ஏற்கெனவே இருக்கும். "பேத்தி பிறந்தா, மருமகளுக்கு உடம்பு சரியில்ல, கூட இருக்க மனுப் போட்டோம், பதில் வரும் முன்னாடியே கிளம்பிட்டேன்" என்ற உண்மைக்கு மேல் நல்ல பதில் இல்லை.

இரண்டாம் கட்ட விசாரணைக்கு அழைத்துப் போனால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். புரியாத காகிதத்தில் கையெழுத்து வேண்டாம். நுழைவுக் கோரிக்கையைத் தாமாகத் திரும்பப் பெற்று ஊர் திரும்புவது ஒன்று. விரைவு வெளியேற்ற உத்தரவு வேறு ஒன்று. பின்னதற்கு ஐந்து ஆண்டுத் தடை உண்டு. இந்த வித்தியாசத்தைப் பெரியவர்களுக்குக் கிளம்பும் முன்பே சொல்லி வையுங்கள்.

அம்மா ஊருக்குப் போனப்புறம் இங்க மனு ரிஜெக்ட் ஆனா, பத்து வருஷ விசாவும் போயிடுமா?

கொடுத்த தேதிக்கு மேல் தங்கினால் அந்த விசா தானாகச் செல்லாததாகிவிடும் என்று சட்டத்தில் 222(ஜி) என்ற பிரிவு சொல்கிறது. ஆனால் தேதிக்குள் உண்மையான காரணத்தோடு மனு போட்டு, முடிவு வரும் முன்பே கிளம்பிவிட்டவருக்கு அது பொருந்தாது என்பதுதான் வெளியுறவுத் துறை தூதரக அதிகாரிகளுக்குக் கொடுத்திருக்கும் வழிகாட்டுதல். அதை நிரூபிக்கக் கேட்பது தேதியிட்ட ரசீதைத்தான். நான்காவது பதிலில் அந்தக் கவரை அவ்வளவு வலியுறுத்தியதற்கு இதுதான் காரணம்.

ஆனாலும் கணினியில் ஐ-94 தேதியும் புறப்பட்ட தேதியும் மட்டும் தெரிந்து, அதிகாரி "ஓவர்ஸ்டே" என்று நினைக்க வாய்ப்பிருக்கிறது. அப்போது ரசீதை எடுத்து நீட்ட வேண்டும். எடுக்க முடியாதவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

போனப்புறம் அப்ரூவல் வந்தா?

நல்லதுதான். அம்மா இருந்த நாட்கள் முறையானவை என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அது ஐ-797ஏ என்ற தாளாக, அடியில் புது ஐ-94 பகுதியோடு உங்கள் வீட்டுக்கு வரும். பத்திரப்படுத்துங்கள். அதை வைத்துத் திரும்ப உள்ளே வர முடியாது.

அம்மா ஏற்கெனவே புது விசிட்டில் திரும்பி வந்துவிட்ட பிறகு பழைய அப்ரூவல் வந்தால்தான் குழப்பம். விமான நிலையத்தில் ஒரு தேதி, தபாலில் ஒரு தேதி. மனுவை முதலிலேயே திரும்பப் பெற்றிருந்தால் இது வராது. வந்துவிட்டது என்றால் இரண்டில் முந்தைய தேதிக்குள் கிளம்பத் திட்டமிட்டுக்கொண்டு வக்கீலிடம் காட்டுங்கள்.

பதில் வர வரைக்கும் இருந்து பார்ப்போம், டினை ஆனா அன்னிக்கே கிளம்பிக்கலாம்னு நினைக்கிறோம். தப்பா?

வேறு தேவை இல்லாமல், பதிலைப் பார்ப்பதற்காக மட்டும் காத்திருக்கிறீர்கள் என்றால், வேண்டாம் என்பேன். டினை ஆன மறுநாளிலிருந்து மூன்றாவது பதிலில் சொன்ன கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. ஒரு வாரத்தில் கிளம்பினால் அந்தத் தடைகள் வராது. ஆனால் விசா போய்விடும்: முடிவுக்கு முன் கிளம்பியவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, முடிவு வரும்வரை இருந்து மறுக்கப்பட்டவருக்கு இல்லை. அடுத்த முறை வர வேண்டுமென்றால் சொந்த நாட்டில் புது விசா எடுக்க வேண்டும். சென்னையில் நேர்காணல் தேதிக்குக் காத்திருந்தவர்களுக்கு அதன் வலி தெரியும்.

2025 பிப்ரவரி 28 அன்று யுஎஸ்சிஐஎஸ் ஒரு கொள்கை ஆணை வெளியிட்டது. மனு மறுக்கப்பட்டு, இங்கே இருக்க வேறு ஸ்டேட்டஸும் இல்லாதவர்களுக்குக் குடியேற்ற நீதிமன்ற நோட்டீஸ் அனுப்புவதை அது விரிவாக்கியது. அந்த நோட்டீஸ் வந்த பிறகு, வக்கீலைக் கேட்காமல் விமானம் ஏறுவதுகூடச் சிக்கல். வேலை முடிந்த அன்றே, பதில் வரும் முன்பே கிளம்புவதுதான் பெரியவர்களுக்கு நிம்மதி.

கேட்ட ஆறு மாசமே முடியப் போகுது, முதல் மனுவுக்கே பதில் இல்ல. இன்னொண்ணு போடலாமா?

முதல் மனுவில் கேட்ட தேதி முடிவதற்குள் போடலாம். ஆனால் இரண்டாவது முதலாவதின் தோளில் நிற்கிறது. முதலாவது மறுக்கப்பட்டால் இரண்டாவதும் விழும். உயிருக்கான சிகிச்சை பாதியில் இருந்தால் போடுங்கள். மற்றபடி ஒரு வருஷம் நெருங்கிவிட்ட ஒருவரை "பார்வையாளர்" என்று சொல்லி அடுத்த முறை நம்பவைப்பது கடினம்.

அம்மா போகணும், அப்பா டிரீட்மென்ட்ல இருக்கார். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே மனுதான் போட்டோம். என்ன பண்றது?

அம்மா தாராளமாகப் போகலாம். முதன்மை மனுதாரர் அப்பாவா அம்மாவா என்று பாருங்கள். அப்பா என்றால், ஐ-539ஏ என்ற துணைப் படிவம் வழியாகச் சேர்க்கப்பட்ட அம்மா மட்டும் விலகுகிறார் என்று கடிதம் அனுப்பினால் போதும். அம்மாதான் முதன்மை என்றால் மொத்த மனுவையும் திரும்பப் பெறும் கடிதத்தை அனுப்பிவிடாதீர்கள், அப்பாவின் பெயரும் அதில்தான் இருக்கிறது. வக்கீலிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். இனிமேல் போடுகிறவர்களுக்கு: இன்னொரு கட்டணம் போனாலும் ஆளுக்கொரு மனுவாகப் போடுங்கள். பெரியவர்களில் யாருக்கு எப்போது ஊர் அழைப்பு வரும் என்று சொல்ல முடியாது.

என் மனைவி பி-2ல வந்து, ஹெச்-4க்கு மாத்தப் போட்டிருக்கோம். அதுவும் ஐ-539தானே? ஊருக்குப் போயிட்டு வந்தா கேஸ் இருக்குமா?

படிவம் ஒன்றுதான், விஷயம் வேறு. இது பார்வையாளரிலிருந்து, இங்கே வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான ஹெச்-4க்குப் போகும் ஸ்டேட்டஸ் மாற்றம். நிலுவையில் இருக்கும்போது வெளியே போனால் அந்த மாற்றக் கோரிக்கை கைவிடப்பட்டதாகிவிடும். ஊருக்குப் போவதானால் சென்னையில் ஹெச்-4 விசாவை ஸ்டாம்ப் செய்துகொண்டு ஹெச்-4 ஆகவே வரட்டும். மாற்றம் தானாக நடந்திருக்கும் என்று நம்பி மறுபடி பி-2வில் வந்து இறங்கினால், பி-2வில்தான் இருப்பார்.

அண்ணி, தேதி முடிஞ்சு நாலு நாள் கழிச்சுத்தான் மனு போட்டோம். நீங்க சொன்னதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. நிற்கும் கடிகாரமும் விசாவுக்கான பாதுகாப்பும் தேதிக்குள் போட்டவர்களுக்குத்தான். ஐ-94 முடிந்த மறுநாளிலிருந்தே உங்கள் நாட்கள் ஏறுகின்றன. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தது போன்ற அசாதாரணக் காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. "தேதியைக் கவனிக்கல" என்பது அதில் சேராது. எதற்காகவும் 180 நாளைத் தொட்டுவிடாதீர்கள். முடிந்தவரை சீக்கிரம் கிளம்புங்கள். அடுத்த முறை புது விசா எடுக்க வேண்டியிருக்கும் என்ற எண்ணத்தோடே கிளம்புங்கள்.

அடுத்த விசா ஃபார்ம்ல "கொடுத்த காலத்துக்கு மேல தங்கினீங்களா"ன்னு கேக்கறாங்க. இல்லைன்னு போட்டுடலாமா?

டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பத்தில் உள்ள அந்தக் கேள்வி, அதிகாரி கொடுத்த காலத்துக்கு மேல் தங்கியதையும் சேர்த்துத்தான் கேட்கிறது. ஐ-94 தேதிக்குப் பிறகு இருந்திருந்தால், "ஆம்" என்று போட்டு, "இந்தத் தேதியில், ரசீது எண் இது, நீட்டிப்பு மனு போட்டேன், முடிவுக்கு முன் இந்தத் தேதியில் புறப்பட்டேன்" என்று இரண்டு வரியில் விளக்கம் எழுதச் சொல்வேன். விளக்கத்தோடு கூடிய "ஆம்" விசாவைக் கெடுப்பதில்லை. மறைத்தது பொய் என்று முடிவானால் அந்தத் தடைக்கு ஆண்டுக் கணக்கே கிடையாது. மனு அப்ரூவ் ஆகி அந்தத் தேதிக்குள் கிளம்பியவர்கள் "இல்லை" என்றே போடலாம்.

இப்பத்தான் போன் வந்துச்சு அக்கா, பாட்டி போயிட்டாங்க. அம்மாவோட ஐ-94 முடிஞ்சு நாப்பது நாள் ஆச்சு, ரசீதுகூட எங்க வெச்சேன்னு தெரியல. என்ன பண்ணட்டும்?

முதலில் டிக்கெட்டைப் போடுங்கள். இணையத்தில் மனு போட்டிருந்தால் ரசீது யுஎஸ்சிஐஎஸ் கணக்கிலேயே இருக்கும். காகிதத்தில் போட்டிருந்தால், கட்டணம் கழிந்த வங்கிப் பதிவும் தபால் சேர்ந்த அத்தாட்சியும் கிடைக்கும். அவற்றை நாளை தேடலாம், அம்மா ஊரில் இருக்கும்போதே அனுப்பி வைக்கலாம். ஒரு வெள்ளைத்தாளில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மனுவைத் திரும்பப் பெறும் கடிதத்தை மேலே அச்சடித்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட், மாத்திரை, செல்போன் சார்ஜர். நுவார்க் விமான நிலையத்திலிருந்து இன்றிரவு இடம் இல்லாவிட்டால் நியூயார்க்கின் ஜேஎஃப்கேயில் பாருங்கள். எடுப்பதை எத்தனை மணிவரை தள்ளிவைக்க முடியும் என்று ஊரில் யாரையாவது கேட்கச் சொல்லுங்கள்.